பிழைச்செய்தி மறைந்தால் போதுமா?

கணித மென்பொருளான மேட்லாபில் ஒரு கணக்கு நெடுநேரம் இழுக்கிறது. நேரம் தின்னும் பகுதியை மட்டும் சி++ மொழியில் எழுதி, மேட்லாப் அழைக்கக்கூடிய மெக்ஸ் கோப்பாகத் தொகுத்து இணைக்கிறோம். கம்பைலர் எந்த மறுப்பும் சொல்லாமல் தொகுத்துத் தருகிறது. அதே சி++ நிரலைத் தனியாக ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. மேட்லாபுக்குள்ளிருந்து அழைத்ததும், ‘மெக்ஸ் கோப்பு செல்லாது’ என்ற அறிவிப்பும், சி++ லைப்ரரியில் தேவையான பதிப்புக் குறி இல்லை என்ற வரியும் திரையில் வருகின்றன. லினக்ஸில் மேட்லாபோடு வெளி நிரலை இணைக்க முயன்ற பலருக்கும் பழக்கமான வரி இது.

இதற்குப் பரிகாரங்கள் பல புழக்கத்தில் உள்ளன. மேட்லாபின் அடைவில் இருக்கும் லைப்ரரியின் பெயரை மாற்றிவிடலாம். கணினியின் லைப்ரரியை முந்திக்கொண்டு ஏற்ற வைக்கலாம். பழைய கம்பைலரை நிறுவலாம். தேவையான எல்லாவற்றையும் மெக்ஸ் கோப்புக்குள்ளேயே அடக்கித் தொகுக்கலாம். வெளி நிரலை வேறொரு பிராசஸில் ஓட்டலாம். ஒவ்வொன்றும் எங்கோ ஒரு கணினியில் பிழைச்செய்தியை மறைத்திருக்கிறது. அதனாலேயே எல்லாம் ஒரே தரம் ஆகிவிடா. கணித மென்பொருளில் பிழைச்செய்தி மறைவது ஒன்று, விடை சரியாக வருவது வேறொன்று. இரண்டாவதை உறுதிசெய்ய முடியாத பரிகாரத்தைப் பரிகாரமென்று ஏற்கக்கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எடைபோட நான்கு அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். காரணத்தைத் தொடுகிறதா, அறிகுறியை மட்டும் அழுத்துகிறதா? அதன் விளைவு நம் நிரலோடு நிற்கிறதா, மேட்லாப் முழுவதும் பரவுகிறதா? அடுத்த பதிப்பு நிறுவிய பிறகும் நிலைக்குமா? விடை சரி என்று நிறுவ வழி தருகிறதா? நான்காவதற்கே எடை அதிகம்.

மோதலின் மூலம்

ஜிசிசி கம்பைலரோடு வரும் சி++ லைப்ரரியின் கோப்புப் பெயர் 6 என்ற எண்ணில் முடியும். 2004-இல் வெளிவந்த ஜிசிசி 3.4 முதல் அந்த எண் மாறவில்லை. உள்ளடக்கம் மட்டும் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. புதிய செயற்கூறுகள் சேரும்போது புதிய பதிப்புக் குறி ஒன்றும் சேர்கிறது. ஜிசிசி 5.1-க்கு 3.4.21, ஜிசிசி 8-க்கு 3.4.25, ஜிசிசி 11-க்கு 3.4.29, ஜிசிசி 12-க்கு 3.4.30. புதிய லைப்ரரி பழைய நிரலுக்கும் ஈடுகொடுக்கும்; பழைய லைப்ரரியால் புதிய நிரலின் தேவையை நிறைவேற்ற முடியாது.

மேட்லாப் தனக்கென ஒரு சி++ லைப்ரரியைக் கூடவே கொண்டுவருகிறது. அதைக் குறைசொல்ல முடியாது. பலவகை லினக்ஸ் பதிப்புகளில் ஓட வேண்டிய மென்பொருள், தான் சோதித்துப் பார்த்த லைப்ரரியோடுதான் ஓடுவேன் என்பது நியாயமான எச்சரிக்கை. சிக்கல் அடுத்த படியில் பிறக்கிறது. கூட வந்த லைப்ரரி ஜிசிசி 8 காலத்தது என்றால், 3.4.25 வரையிலான குறிகள்தான் அதில் இருக்கும். ஜிசிசி 11 கொண்டு தொகுத்த நம் கோப்பு 3.4.29 குறியுள்ள ஒரு செயற்கூறைக் கேட்டால், ஏற்றும் பணியே அங்கே நின்றுவிடும். அப்படிப்பட்ட புதிய செயற்கூறு எதையும் தொடாத கோப்பு, அதே கம்பைலரில் தொகுக்கப்பட்டிருந்தாலும் ஓடிவிடும். ‘உனக்கு ஓடுகிறது, எனக்கு ஏன் ஓடவில்லை’ என்ற குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

கணினியிலேயே புதிய லைப்ரரி இருக்கும்போது அதை ஏன் எடுத்துக்கொள்வதில்லை என்ற கேள்வி எழும். லினக்ஸின் டைனமிக் லிங்கர் ஒரு விதியைப் பின்பற்றுகிறது: ஒரு பிராசஸில் ஒரு பெயருடைய லைப்ரரி ஏற்கெனவே ஏறியிருந்தால், அதே பெயரை அடுத்து யார் கேட்டாலும் ஏறியிருப்பதையே கொடுக்கும். மெக்ஸ் கோப்பு உள்ளே வருவதற்கு முன்பே மேட்லாப் தன் லைப்ரரியை ஏற்றி முடித்துவிட்டது. ஆகவே, ‘கோப்புக்குள் தேடல் பாதையைப் பதித்துவிடு’ என்ற அறிவுரை இந்த நோய்க்குப் பயன்படாது. தேடலே நடக்காத இடத்தில் தேடல் பாதைக்கு வேலையில்லை. அடிக்கடி தரப்படும் இந்த அறிவுரையை முதலிலேயே தள்ளிவிடலாம்.

பெயர்களை லினக்ஸ் கையாளும் முறையும் இதில் சேர்கிறது. மேக் கணினிகளில் 2001-இல் வந்த 10.1 பதிப்பு முதல், எந்தச் செயற்கூறு எந்த லைப்ரரியிலிருந்து வர வேண்டும் என்பதும் சேர்த்தே பதிவாகிறது. விண்டோஸிலும் அப்படித்தான். லினக்ஸில் வழக்கமாகப் பெயர் மட்டுமே பதிவாகிறது; தேடும் வரிசையில் அந்தப் பெயர் முதலில் யாரிடம் கிடைக்கிறதோ அவரே பதில் சொல்வார். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்து, கடிதத்தில் தெருப்பெயர் எழுதாமல் விட்டால், தபால்காரர் முதலில் பார்த்தவர் கையில் அது போய்ச் சேர்வதைப் போன்றது இது. சி++ லைப்ரரிக்காவது பதிப்புக் குறி என்ற காவல் இருக்கிறது. அந்தக் காவலும் இல்லாத லைப்ரரிகளில்தான் பெரிய ஆபத்து.

சத்தமில்லாத மோதல்

நேரியல் இயற்கணிதத்தின் அடிப்படைச் செயற்கூறுகளின் தொகுப்பான பிளாஸ் 1979-இல் வெளியிடப்பட்டது. அதன்மேல் கட்டிய லாபேக் 1992-இல் வந்தது. மேட்லாப் 2000-இல், தன் 6-ஆம் பதிப்பில், லாபேக்குக்கு மாறியது. இவற்றின் பெயர்களும் அழைப்பு முறையும் ஃபோர்ட்ரான் மொழியின் வழக்கப்படி அமைந்தவை. அணிப்பெருக்கலைச் செய்யும் ‘டிஜெம்’ என்ற பெயர் உலகெங்கும் ஒன்றே. அந்தப் பெயரில் பதிப்புக் குறி இல்லை. கொடுக்கும் எண்கள் எத்தனை பிட் அகலம் என்ற குறிப்பும் இல்லை.

மேட்லாபோடு வரும் பிளாஸ், அணியின் அளவுகளை 64 பிட் முழு எண்களாக எதிர்பார்க்கிறது. வெளியில் கிடைக்கும் லைப்ரரிகள் பல 32 பிட் முழு எண்களை வைத்துத் தொகுக்கப்பட்டவை. இரண்டும் ஒரே பிராசஸில், ஒரே பெயரில் சந்திக்கின்றன. 32 பிட் எண் ஒன்றின் முகவரியைக் கொடுத்தால், எதிர்த்தரப்பு அங்கிருந்து 64 பிட்டைப் படிக்கும். பக்கத்து நான்கு பைட்டுகளில் தற்செயலாகச் சுழியங்கள் இருந்தால் விடை சரியாகவே வரும். வேறு ஏதாவது இருந்தால் அணியின் அளவு கோடிக்கணக்கில் போய், நிரல் நொறுங்கும். நிரலின் வேறு மூலையில் ஒரு மாறியைக் கூட்டியதாலோ குறைத்ததாலோ ‘பிழை போய்விட்டது’ என்று தோன்றுவதும் இதனால்தான்.

எதிர்த்திசை இதைவிட மோசமானது. 64 பிட் எண்களைக் கொடுப்பவர் 32 பிட் லைப்ரரியிடம் போய்ச் சேர்ந்தால், இன்றைய இன்டெல், ஏஎம்டி செயலிகளில் எண்ணின் கீழ்ப்பாதிதான் முதலில் படிக்கப்படும். ஆகவே சிறிய அணிகளின் பெருக்கல் பிழையின்றி நடக்கும். சோதனைகள் தேறும். ஆனால் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கும் செயற்கூறு, எந்த வரிசை எதோடு இடம் மாறியது என்ற பட்டியலையும் திருப்பித் தருகிறது. 32 பிட் எண்களாக நெருக்கி எழுதிய அந்தப் பட்டியலை 64 பிட் எண்களாகப் படித்தால் எல்லாம் குழம்பிவிடும். பெருக்கல் சரியாக வருகிறது, ஆனால் அந்தப் பட்டியலைப் பயன்படுத்தும் அடுத்த படி தவறுகிறது. இந்த நிலையில் பிழை நம் சூத்திரத்தில் இருக்கிறதென்று நினைத்து வாரக்கணக்கில் தேடுவோம். பெரிய அணிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: 32 பிட் முழு எண்ணின் உச்சவரம்பு 2147483647. 46341 வரிசையும் 46341 நெடுவரிசையும் கொண்ட ஓர் அணியின் உறுப்புகளின் எண்ணிக்கை அதைத் தாண்டிவிடும். இன்றைய ஆய்வுகளில் இது அரிதான அளவு அன்று.

இந்த இரண்டு நோய்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பதிப்புக் குறி இல்லை என்று வாசலிலேயே நிறுத்தும் பிழைச்செய்தி பயனருக்கு நன்மை செய்கிறது. பேசாமல் உள்ளே விடும் மோதல்தான் ஆய்வு முடிவைக் கெடுக்கிறது. தரவுக் கோப்புகளைக் கையாளும் ஹெச்டிஎஃப்5 லைப்ரரியை உருவாக்கியவர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள். தொகுத்தபோது இருந்த பதிப்பும் ஓடும்போது கிடைத்த பதிப்பும் ஒவ்வாவிட்டால், எச்சரித்துவிட்டு நிரலையே நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சோதனையை அணைக்க ஒரு சூழல் மாறி உண்டு. இணைக் கணிப்புக்கான இன்டெலின் ஓபன்எம்பி லைப்ரரி இருமுறை ஏறினாலும் அப்படியே நிறுத்தம் வரும். அதையும் ஒரு சூழல் மாறியால் வாயடைக்கலாம். அப்படிச் செய்தால் தவறான விடைகள் சத்தமின்றி வரக்கூடும் என்று அந்தச் செய்தியே சொல்கிறது. அந்த வரியைப் படித்த பிறகும் மாறியை அமைத்துவிட்டு மேலே போகிறவர், தன் விடைக்குத் தானே உத்தரவாதம் தர முடியாத இடத்தில் நிற்கிறார்.

பரிகாரங்களின் எடை

முதலில், மேட்லாபின் சி++ லைப்ரரியைப் பெயர் மாற்றி ஒதுக்குவது. அது இல்லாததால் கணினியின் புதிய லைப்ரரி ஏறும். புதியது பழைய நிரலுக்கும் ஈடுகொடுக்கும் என்பதால், கோட்பாட்டளவில் இது தவறன்று. டெபியன் லினக்ஸில் மேட்லாபுக்கான துணைத் தொகுப்பு ஒன்று, கூட வந்த ஜிசிசி லைப்ரரிகளைப் பெயர் மாற்றலாமா என்று நிறுவும்போதே கேட்கும் அளவுக்கு இந்த வழி வேரூன்றியது. ஆனால் விளைவின் பரப்பைப் பாருங்கள். ஒருவரின் ஒரு கோப்புக்காக, அந்தக் கணினியில் மேட்லாபைப் பயன்படுத்தும் அத்தனை பேரின் கணக்குகளும், மேட்லாபின் நிறுவனம் சோதிக்காத லைப்ரரியில் ஓடத் தொடங்குகின்றன. பொதுக் கணினிக்கூடத்தில் இதைச் செய்ய நிர்வாகியின் அனுமதி வேண்டும். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் திரும்பச் செய்யவும் வேண்டும். பிளாஸ் மோதலை இது தொடுவதே இல்லை.

அடுத்தது, எல்டி_பிரீலோட் என்ற சூழல் மாறியால் கணினியின் லைப்ரரியை முதலில் ஏற்றுவது. கோப்புகளைத் தொடவில்லை, அனுமதி தேவையில்லை, மாறியை எடுத்துவிட்டால் பழைய நிலை திரும்பிவிடும். நோய் எது என்று உறுதிசெய்ய இதைவிட நல்ல கருவி இல்லை. பிரீலோட் செய்ததும் கோப்பு ஏறினால், காரணம் சி++ லைப்ரரிதான் என்று தெரிந்துவிடும். ஆனால் மேட்லாபும், அது தொடங்கும் துணைப் பிராசஸ்களும் எல்லாமே அந்த மாறியின் கீழ் வந்துவிடுகின்றன. பயனரின் தொடக்கக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைத்தால், இன்னும் இரண்டு ஆண்டு கழித்து அது ஏன் அங்கே இருக்கிறதென்று யாருக்கும் நினைவிருக்காது. ஆய்ந்தறிவதற்கு ஏற்றது, நிலையான மருந்தாக ஏற்க இயலாது.

மூன்றாவது, மேட்லாபின் அந்தப் பதிப்பு ஆதரிக்கும் கம்பைலரையே நிறுவி அதில் தொகுப்பது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரிக்கப்படும் கம்பைலர்களின் பட்டியலை மேட்லாபின் நிறுவனமான மேத்வொர்க்ஸ் வெளியிடுகிறது. இது காரணத்தைத் தொடுகிறது, மேட்லாபை மாற்றுவதில்லை. விலை வேறிடத்தில் இருக்கிறது. நம் நிரல் சார்ந்திருக்கும் எல்லா சி++ லைப்ரரிகளையும் அதே கம்பைலரில் மறுபடி தொகுக்க வேண்டும். 2015-இல் ஜிசிசி 5 சரம், பட்டியல் ஆகியவற்றின் உள்ளமைப்பை மாற்றியதால், அதற்கு முன்னும் பின்னும் தொகுத்தவற்றைக் கலக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். சார்புகள் குறைந்த நிரலுக்கு இதுவே முதல் தேர்வு.

நான்காவது, சி++ லைப்ரரியை மெக்ஸ் கோப்புக்குள்ளேயே நிலையாக அடக்குவது. மேட்லாபின் லைப்ரரியை நம்பத் தேவையில்லாத, தன்னளவில் முழுமையான கோப்பு கிடைக்கும். பலர் இந்தப் படியோடு நிறுத்திவிடுகிறார்கள்; அது போதாது. உள்ளே அடக்கிய செயற்கூறுகளின் பெயர்கள் வெளியே தெரியும்படி இருந்தால், மேலே சொன்ன லினக்ஸ் விதிப்படி அழைப்பு மேட்லாபின் லைப்ரரிக்குப் போய்விடும். பாதி அவர்களுடையது, பாதி நம்முடையது என்ற கலவையாக நிரல் ஓடும். ஆகவே, அடக்கிய லைப்ரரியின் பெயர்களை லிங்கரிடம் சொல்லி மறைக்க வேண்டும். மேட்லாபோடு பேசும் எல்லையைச் சாதாரண சி மொழியில் வைக்க வேண்டும். சி++ பொருள்களோ விதிவிலக்குகளோ அந்த எல்லையைத் தாண்டக்கூடாது. இந்த ஒழுக்கத்தோடு செய்தால் சி++ மோதல் தீரும். நமக்கென ஒரு பிளாஸ் வேண்டும் என்றால் அதையும் இப்படி அடக்கி மறைக்கலாம். தனி பிளாஸ் தேவையில்லை என்றால் மேட்லாபின் பிளாஸையே அழைத்து, அளவுகளை அது கேட்கும் 64 பிட் வகையில் கொடுப்பதே எளிது.

ஐந்தாவது, வேறு பிராசஸ். மேட்லாபின் ஆர்2019ஏ பதிப்பு முதல், புதிய சி++ இடைமுகத்தில் எழுதிய மெக்ஸ் செயற்கூறுகளை மேட்லாபுக்கு வெளியே தனிப் பிராசஸில் ஓட்டும் வசதி இருக்கிறது. மேட்லாபிலிருந்து அழைக்கும் பைத்தானுக்கு அதே வசதி ஆர்2019பி-யில் வந்தது. இரு பிராசஸ்களிலும் ஒரே பெயரில் இரண்டு லைப்ரரிகள் இருந்தாலும் அவை சந்திப்பதில்லை. வெளி நிரல் நொறுங்கினாலும் மேட்லாப் பிழைத்துக்கொள்ளும். சி++, பிளாஸ், ஹெச்டிஎஃப்5, ஓபன்எம்பி என்று எல்லா மோதலையும் ஒருசேரத் தீர்ப்பது இது ஒன்றே. விலை, தரவை ஒரு பிராசஸிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் நேரம். சிறு அழைப்புகளை லட்சக்கணக்கில் செய்யும் நிரலுக்கு அது கட்டுப்படியாகாது. ஒரு முறை அழைத்தால் பத்து நிமிடம் கணக்கிடும் நிரலில் அந்த நேரம் கண்ணுக்கே தெரியாது. பழைய சி இடைமுகத்தில் எழுதிய மெக்ஸ் கோப்புகளுக்கு இந்த வசதி கிடையாது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

கன்டெய்னரைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. அது கணினிக்குக் கணினி மாறும் வேறுபாட்டைத் தீர்க்கும். ஆனால் கன்டெய்னருக்குள்ளும் மேட்லாபும் மெக்ஸ் கோப்பும் ஒரே பிராசஸில்தான் வாழ்கின்றன. மோதல் அப்படியே இருக்கும். தீர்வைக் கண்டுபிடித்த பிறகு அதை எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி நிலைநிறுத்துவதற்கு மட்டுமே கன்டெய்னர் பயன்படும்.

மற்றவர்கள் சென்ற வழி

பயனரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமில்லை. மென்பொருளை வடிவமைப்பவர்கள் நினைத்தால் இந்த மோதலைத் தடுக்கலாம் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஜூலியா மொழி 64 பிட் பிளாஸைப் பயன்படுத்தும்போது, செயற்கூறுகளின் பெயர்களில் 64 என்ற ஒட்டைச் சேர்த்துவிடுகிறது. பெயரே வேறாகிவிட்டதால் 32 பிட் பிளாஸோடு குழம்ப வாய்ப்பில்லை. 2021-இல் வந்த அதன் 1.7 பதிப்பு, ஓடும்போதே பிளாஸை மாற்றிக்கொள்ள ஓர் இடைத்தளத்தையும் கொண்டுவந்தது. 2023-இல் வந்த 1.9 பதிப்பு, கணினியில் உள்ள சி++ லைப்ரரி தன்னுடையதைவிடப் புதியதா என்று பார்த்து, புதியதென்றால் அதையே ஏற்றுகிறது. மெக்ஸ் பயனர்கள் கைவேலையாகச் செய்துவந்த பெயர் மாற்றத்தை மென்பொருளே பொறுப்பேற்றுச் செய்வது இது.

பைத்தான் உலகில், லினக்ஸ் தொகுப்புகளை வெளியிடும்போது கூட வைக்கும் லைப்ரரிகளின் கோப்புப் பெயரில் அடையாளக் குறியீடு ஒன்றைச் சேர்த்து, பெயர் மோதலைத் தவிர்க்கிறார்கள். மேட்லாபைப் போன்ற திறந்த மூல மென்பொருளான ஜிஎன்யு ஆக்டேவ் வேறு வழியில் போகிறது. லினக்ஸ் விநியோகத்தின் வழியாக நிறுவினால், கணினியின் லைப்ரரிகளையே பயன்படுத்துகிறது. மெக்ஸ் கோப்பும் அதே கம்பைலரில் தொகுக்கப்படுவதால் சி++ மோதல் பெரும்பாலும் எழுவதில்லை. ஆக்டேவின் வழி திறந்த மூல மென்பொருளுக்கு இயல்பாகக் கைகூடுவது; வணிக மென்பொருளிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஜூலியாவின் வழி அப்படியன்று. தன் பிளாஸின் பெயர்களை வேறாக்குவதும், புதிய சி++ லைப்ரரியைத் தேர்ந்தெடுப்பதும் எந்த நிறுவனமும் செய்யக்கூடியவை. பிற மென்பொருள்களை இந்த அளவுகோலால் மதிப்பிடுவது தகும்.

தீர்ப்பு

பரிகாரத்துக்கு முன் நோயறிதல் வர வேண்டும். மெக்ஸ் கோப்பு எந்த லைப்ரரிகளைக் கேட்கிறது என்பதை எல்டிடி கட்டளை சொல்லும். அதை வெளி டெர்மினலில் ஓட்டினால் விடை தவறாக வழிகாட்டலாம். மேட்லாப் தன் தேடல் பாதைகளை அமைத்துக்கொண்டு ஓடுவதால், மேட்லாபுக்குள்ளிருந்தே ஓட்ட வேண்டும். லைப்ரரிக் கோப்புக்குள் உள்ள பதிப்புக் குறிகளைப் பட்டியலிட்டுப் பார்க்க வேண்டும். லிங்கர் எதை எங்கிருந்து எடுத்தது என்பதை எல்டி_டீபக் மாறி வரிவரியாகக் காட்டும். இவை இல்லாமல் செய்யும் எந்தப் பரிகாரமும் ஊகமே.

நோய் தெரிந்த பின், என் வரிசை இது. சார்புகள் குறைவென்றால், ஆதரிக்கப்படும் கம்பைலரில் தொகுப்பதே முதல் தேர்வு. சார்புகள் பல என்றால், எல்லாவற்றையும் உள்ளடக்கி, பெயர்களை மறைத்து, சி எல்லையோடு தருவது. அழைப்புகள் குறைவாகவும் ஒவ்வோர் அழைப்பின் கணக்கும் பெரிதாகவும் இருந்தால், இந்த இரண்டையும் விடத் தனிப் பிராசஸே மேலானது. எல்டி_பிரீலோட் நோயறியும் கருவியாக மட்டும் இருக்கட்டும். லைப்ரரியைப் பெயர் மாற்றுவதைச் சொந்தக் கணினியில், வேறு வழியே இல்லாதபோது, எழுதிவைத்துவிட்டுச் செய்யலாம். பொதுக் கணினியில் செய்யக்கூடாது. பதிப்புச் சோதனைகளை அணைக்கும் மாறிகளை, வெளியிடப்போகும் கணக்கு எதிலும் பயன்படுத்தக்கூடாது.

எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரு சோதனை கட்டாயம். விடை முன்கூட்டியே தெரிந்த கணக்கு ஒன்றை இணைத்த நிரலிலும், வெளி நிரல் இல்லாத மேட்லாபிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். பெருக்கல் மட்டும் போதாது. சமன்பாட்டுத் தொகுதி தீர்ப்பதும், நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் பெரிய அளவும் அதில் இருக்க வேண்டும். எந்தக் கம்பைலர், எந்த லைப்ரரிப் பதிப்பு, எத்தனை பிட் பிளாஸ் என்பதை முடிவுகளோடு சேர்த்து எழுதிவையுங்கள். இந்த ஒப்பீட்டில் தேறாத இணைப்பு, பிழைச்செய்தி எதையும் காட்டாவிட்டாலும், பழுதான இணைப்புதான்.